எதிர்க்கடைக் கம்ப்யூட்டர்

“ம்மா, நம்ம கம்ப்யூட்டர்லயும் ரெண்டு மூளை, ராமசெல்வி ஆன்ட்டிதுலயும் ரெண்டு மூளைன்னா, அது மட்டும் ஏன் முந்திகினு போவுது?”

அனம் இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் அவள் அம்மா ஷம்ஷாத் ஜெராக்ஸ் கடை நடத்தினாள். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பாள். பள்ளி விட்டு வந்த குழந்தை முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டது.

“வாயில வெச்சுகினு பேசாத,” என்றாள் ஷம்ஷாத். பல நாளாக அவள் நெஞ்சில் கிடந்த கேள்வியும் அதுதான்.

அவள் கம்ப்யூட்டர் பெட்டி டூயல் கோர், அதாவது இரண்டு மூளை; வேகம் மூன்று கிகாஹெர்ட்ஸ். ஆறு மாதம் முன்பு எதிரே கடை போட்ட ராமசெல்வியுடையதும் டூயல் கோர்தான், இரண்டரை கிகாஹெர்ட்ஸ். இரண்டுமே யாரோ ஓட்டித் தள்ளிய பழைய பெட்டிகள். ஷம்ஷாத்தின் அத்தா காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். எத்தனை குதிரைசக்தி என்று கேட்டே படகை மதிக்கும் வீட்டில் வளர்ந்தவள், பெரிய எண்ணைப் பார்த்து வாங்கினாள். கூட்டமோ எதிர்க்கடைக்குப் போனது.

பிற்பகல் அசர் தொழுகையை முடித்துவிட்டு வந்து தஸ்பீஹ் மணி உருட்டும்போது அவள் கண் எதிரேதான் இருக்கும். ராமசெல்வி மவுஸைத் தட்டியதிலிருந்து தாள் வெளியே வரும்வரை எத்தனை மணி நகர்கிறது? அங்கே பத்தொன்பது. தன் பெட்டியில் நாற்பத்தொன்று.

சர்வீஸுக்கு வந்த தீனாவைப் பிடித்துக்கொண்டாள். “அவ இன்னா மந்திரம் வெச்சுகிறா உள்ள? என்னுது மூணு, அவளுது ரெண்டரைதானே?”

தீனா பெட்டியைக் கழற்றியபடி சிரித்தான். “மார்க்கெட்ல ரெண்டு பேர் மீன் வெட்டிகினு கீறாங்கன்னு வெச்சுக்கோக்கா. செகண்டுக்கு எத்தினி தபா கத்தி எறங்குது, அதான் கிகாஹெர்ட்ஸ். உன் ஆளுங்களுக்கு கை வேகம், கத்தி பழசு. அவ ஆளுங்க மெதுவா வெட்னாலும் ஒரே வெட்டுல துண்டு வுழுது. அப்பால, அவங்களுக்கு மீன்கூடை, அதான் கேஷ் மெமரி, காலாண்டயே கீது. உன் ஆளுங்க ஒவ்வொரு மீனுக்கும் எந்திரிச்சு ஐஸ் பெட்டிக்கு ஓட்றாங்க.”

“அப்ப ரெண்டு பேர் இருந்து இன்னா பிரயோஜனம்?”

“ரெண்டு மீன் வந்தா ஆளுக்கொண்ணு வெட்டுவாங்க. ஒரே மீனுன்னா ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் வேடிக்க பாக்கணும்.”

விசிறித் தூசியை ஊதி, ப்ராசஸர் மேல் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்தான். “இது காஞ்சிட்டா சூடு வெளிய போவாது. சூடு ஏறினா எந்த ப்ராசஸரும் கருகாம இருக்க தானே வேகத்த கொறைச்சிக்கும்.”

நாற்பத்தொன்று முப்பத்தாறு ஆனது. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மீன் விற்கும் சொக்கம்மாள் மகளின் கல்லூரி விண்ணப்பத்தோடு ஓடி வந்தாள். ஐந்து மணியோடு கெடு முடிகிறது. நாலே முக்காலுக்கு ஷம்ஷாத்தின் திரை அப்படியே நின்றுவிட்டது. சொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தன் கடையில் நான்கு பேர் காத்திருக்க, ராமசெல்வி எழுந்து வந்தாள்.

“யக்கா, என் சீட்ல வந்து குந்து. நீயே போட்டு முடி. அவங்க வெயிட் பண்ணுவாங்க.”

முடிந்தது. சொக்கம்மாள் ஷம்ஷாத்தின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராமசெல்வி காத்திருந்தவர்களிடம் திரும்பினாள். ஷம்ஷாத் நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த வேகத்தைத் தன் விரலாலேயே தொட்டுவிட்டு வந்ததில் எரிச்சல் இன்னும் கூடியது. பெருமை காட்டத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்தாள். பொறாமை புகுந்த மனம் நல்லதைக்கூட அப்படித்தான் படிக்கிறது.

பிறகு ராமசெல்வி கடையை ஒட்டி ஒரு மீன் வறுவல் வண்டி வந்தது. எண்ணெய்ப் புகையும் தெருப் புழுதியும் நாளெல்லாம் உள்ளே போயின. இரண்டு மாதத்தில் அவள் பெட்டி திணறியது. ஷம்ஷாத் எண்ணிப் பார்த்தாள்: ஐம்பத்திரண்டு. கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. தீனா சொன்னதை வைத்து என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

“பழசாயிட்சுக்கா,” என்றாள் ராமசெல்வி ஒருநாள் நடுத்தெருவில் நின்று. “புச்சு வாங்க வக்கில்ல. இந்த மாசத்தோட மூடிட்டு எண்ணூர்ல கம்பெனி வேலைக்குப் போறேன்.” பின்னால் நின்ற பெரியவரிடம் திரும்பினாள். “தாத்தா, நீ அக்காகிட்ட போ. அவங்களுது நல்லா ஓடுது.”

அன்று தொழுகைக்குப் பின் தஸ்பீஹை எடுத்ததும் ஷம்ஷாத்தின் விரல்கள் தாமாகவே எதிர்க்கடை நொடிகளை எண்ணத் தொடங்கின. சட்டென்று கை நின்றது. இறைவனைத் துதிக்க வேண்டிய மணிகளில் இத்தனை மாதமாக எதை எண்ணிக்கொண்டிருந்தோம்? துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். “யா அல்லாஹ்” என்றாள்.

இரண்டு நாள் கழித்து, வியாசர்பாடியில் தங்கை வளைகாப்புக்குக் கிளம்பிய ராமசெல்வி சாவியைக் கொடுத்துப் போனாள். “பேப்பர் கட்டு வரும்க்கா. வாங்கி உள்ள வெச்சுடு.”

ஷம்ஷாத் தன் கடையைப் பூட்டிவிட்டு கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ப்ராசஸர் பசை வாங்கி வந்தாள். பேப்பர் கட்டு வந்ததும் எதிர்க்கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். பெட்டியைத் திறந்தாள். விசிறி எண்ணெய்ப் பிசுக்கில் சுற்ற முடியாமல் இறுகியிருந்தது. பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். பசை சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. பஞ்சால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தாள். மூடி, கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்ணப்பப் பக்கம் கண் இமைக்குமுன் விரிந்தது. நெஞ்சில் ஒரு கணம் சுருக்கென்றது. அழுக்குப் பஞ்சையெல்லாம் தன் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை ராமசெல்வி தலைநிறையப் பூவோடு சாவிக்கு வந்தாள். “நேத்து யாராச்சும் தேடிகினு வந்தாங்களாக்கா?”

“பேப்பர் கட்டு வந்துச்சு, உள்ள கீது,” என்றாள் ஷம்ஷாத். “பூ நல்லாகீது உனுக்கு. போ, கடையத் தொற.”