சிங்கத்தின் மூக்கில் ஒரு கம்பி

மோந்தலேராவில் உள்ளூர்க்காரன் நீதிபதியாக முடியாது. அங்கே யாரும் யாரையும் நம்பமாட்டார்கள். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியூர்ப் பிரபு வருவார், அதட்டுவார், போகும்போது தன் குலச்சின்னத்தைச் சந்தை மண்டபத்துச் சுவரில் பதித்துவிட்டுப் போவார். கொத்தனார் நெல்லோ இதுவரை இருபத்தொரு பேருடையதைப் பதித்திருந்தார். ஒருவர் முகமும் நினைவில்லை.

இப்போதைய நீதிபதி ஊபால்தோ பிரபுவின் சின்னம் மட்டும் கதவளவு. கல்லில் ஒரு சிங்கம். பதித்துவிட்டுச் சதுக்கத்தில் நின்று பார்த்தால், நடுவளைவின் குறுக்கே ஓடிய இரும்புக் கம்பி சரியாகச் சிங்கத்தின் மூக்கை மறைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஊபால்தோவுக்குக் கம்பிமேல் கோபம் வந்துவிட்டது.

“யோவ், அந்தக் கம்பிய அறுத்துப் போடு. மண்டபம் கைத்தடி ஊணி நிக்குதுன்னு பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கிறான்.”

“அது அழகுக்குப் போட்டதில்ல எசமான். வளைவு எப்பவும் காலைப் பரப்பத்தான் பாக்கும். கம்பிதான் தூணுங்கள இழுத்துப் புடிச்சிருக்கு. அறுத்தா மொத்தமும் கீழ வந்துரும்.”

“எனக்கே பாடமா? நாளைக்குள்ள அறுக்கல, உன்னை உள்ள தள்ளிருவேன்.”

அந்த வளைவின் கீழேதான் நெல்லோவின் மனைவி லாப்பா தினமும் பாலாடைக்கட்டி விற்கிறாள். இந்தப் பதருக்கென்ன, சனிக்கிழமையோடு பதவி முடிகிறது என்று திட்டியபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

பதவி முடிந்த நீதிபதி உடனே ஊரைவிட்டுப் போக முடியாது. பத்து நாள் அதே நடுவளைவின் கீழ் உட்கார்ந்து, ஊரார் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவேண்டும். எழுந்து போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும்.

மறுநாள் காலை நெல்லோ அரத்தோடு ஏணியில் ஏறினார்.

“அறுத்துரலாம் எசமான். ஒடனே விழாது, நாலஞ்சு நாள் தாங்கும். ஞாயித்துக்கிழமை ஒங்க நாற்காலி இங்கதானே?” நேர் கீழே விரலை நீட்டினார்.

ஊபால்தோ தரையைப் பார்த்தார். அண்ணாந்து வளைவைப் பார்த்தார். கடைக்காரிகள் தலையில் விழுந்தால் விழட்டும் என்றிருந்த மனிதருக்கு, தன் தலை என்றதும் கட்டடக் கலை முழுவதும் புரிந்துவிட்டது.

“எறங்குய்யா கீழ,” என்றார்.

பத்து நாளும் அண்ணாந்தபடியேதான் அவர் புகார் கேட்டார். கடைசி நாள் லாப்பா வந்தாள்.

“எனக்குப் புகார் ஒண்ணும் இல்ல எசமான். சிங்கத்துக்கு மூக்குல கம்பி நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர்ல வித்தை காட்டுற கரடிக்குத்தான் அப்படிப் போடுவாங்க.”

எழுத்தர் அதையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு, சட்டப்படி பதிலுக்காக ஊபால்தோவின் முகத்தைப் பார்த்தார்.