திருப்பிக் கொண்டு வாறவள்

வெள்ளைக் காலுறை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஜெசிதா குந்தியிருந்து, அம்மாவின் விறைத்த குதிக்காலை ஒரு கையால் தூக்கி, மற்றக் கையால் இழுத்தாள். கைபேசி திரும்பவும் அடித்தது.

"செத்த வீடெண்டு உன்ரை வேலைக் கந்தோருக்குத் தெரியாதோ?" என்றாள் மக்டலீன் சின்னம்மா, தமக்கையின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டே.

"தெரியும் சின்னம்மா. என்னட்டை ஒரு ஓம் வேணுமாம்."

முந்தாநாள் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த அம்மா ஸ்ரெல்லா பிறகு எழும்பவில்லை. அமெரிக்காவிலிருந்து மகள் வந்து இறங்கியது இன்று காலைதான். பிளேனிலேயே அழுது முடித்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். எங்கே முடிந்தது!

"என்ரை பிள்ளை சந்திரனுக்கு ஆக்களை அனுப்புறாள்" என்பது ஸ்ரெல்லா குருநகர் முழுக்க அடித்துவிட்ட புளுகு. "அனுப்புறது வேறை ஆக்கள் அம்மா, திரும்பி வரேக்கை எரிஞ்சு போகாமல் பாக்கிறதுதான் என்ரை வேலை" என்று மகள் திருத்தினாள். மனுசி விட்டாளா? "அனுப்ப ஆரும் அனுப்பலாம், திருப்பிக் கொண்டு வாறது என்ரை மகள்" என்று மீன் சந்தையில் புதுப் புளுகைத் தொடங்கிவிட்டாள்.

இப்போது அந்த வேலைதான் கழுத்தைப் பிடித்திருந்தது. ஆளில்லாமல் போய்வந்த விண்கலத்தின் அடியில் இருந்த வெப்பக் கவசம், மெல்ல மெல்லக் கருகித் தேய வேண்டியது, துண்டு துண்டாகக் கழன்றிருந்தது. உள்ளே உண்டான வாயு வெளியேற வழியில்லாமல், ரொட்டி ஊதி வெடிக்கிற மாதிரி மேற்பரப்பைப் பிய்த்துவிட்டது. கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே அதே கவசத்தோடு நாலு பேரை அனுப்பலாம், திரும்பும் பாதையை மட்டும் மாற்றினால் போதும் என்றது நிர்வாகம். கணக்கு அப்படித்தான் சொன்னது. அந்தப் பாதையின் சூட்டில் கவசத்தைச் சுட்டுப் பார்த்தவர் எவருமில்லை. கவசத்துக்குப் பொறுப்பானவள் ஜெசிதா. அவள் ஓம், சரி என்றால்தான் கலம் எழும்பும்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாவன் அக்கா," என்றான் தம்பி லெனாட். "பெட்டி வந்திட்டுது. சுவாமியும் வாறார். உனக்கு வேலையும் மிஞ்சும்."

ஒரு சொல்தான். கவசம் பிழை என்பதில் அவளுக்கு எள்ளளவும் ஐயமில்லை. சண்டை பிடிக்கத்தான் தெம்பில்லை. மறுபடி அடித்த கைபேசியை எடுத்தாள்.

அழைத்தது மேலதிகாரி இல்லை, நோரா. போகப்போகிற நாலு பேரில் ஒருத்தி, கூட வேலை செய்த பழக்கத்தில் கூட்டாளியாகிவிட்டவள். காலுறையை விடாமல் இழுப்பதற்காக ஜெசிதா ஒலிபெருக்கியைப் போட்டாள். அம்மாவுக்காக நோரா ஆங்கிலத்தில் மெத்த வருத்தப்பட்டாள். பிறகு, "மற்றவர்கள் சொல்வதை நான் கேட்கவில்லை. நீ சரி என்றால் ஏறி உட்காருவேன்," என்றாள்.

ஜெசிதா காலுறையை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். துக்கத்தில் இருப்பவளை மேலும் அலைக்கழிக்க வேண்டாம் என்று நோரா நினைத்தாள் போலும். ஜெசிதா எப்போதோ படிப்பித்த தமிழில், 'ட' வராத நாக்கால், அன்போடு விடைபெற்றாள்:

"போத்து வாறன்."

சின்னம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எங்கே புறப்பட்டாலும், திரும்பி வருவேன் என்ற பொருளில், 'போட்டு வாறன்' என்பதுதான் வழக்கம். செத்த வீட்டில் மட்டும், திரும்ப வந்தால் இன்னொரு சாவுக்குத்தான் என்று, ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போய்விடுவார்கள்.

"உவள் ஆரடி? செத்த வீட்டிலை உந்தச் சொல்லைச் சொல்லுறாள்?"

"நில் நோரா," என்றாள் ஜெசிதா ஆங்கிலத்தில். "நீ போகவில்லை. இந்தக் கவசத்தோடு ஒருவரும் போகவில்லை."

நோரா இந்தப் பயணத்துக்காகவே வயதைக் கொடுத்தவள். அப்படியிருந்தும், "சரி," என்றாள்.

ஜெசிதா அங்கேயே, அம்மாவின் காலைப் பிடித்தபடியே மேலதிகாரியை அழைத்தாள். இல்லை என்றாள். வாயு வெளியேறும் கலவையில் கவசத்தைப் புதிதாக வார்த்து, சுட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேளுங்கள் என்றாள். அவர் கத்தியது லெனாட்டுக்கும் கேட்டது.

"உன்ரை வேலை போச்சுது," என்றான்.

"போகட்டும். நாலு பேரும் இருப்பினம்."

காலுறை ஏறிவிட்டது. அம்மாவைப் பெட்டியில் வைத்தார்கள், சுவாமி செபம் சொல்லி மந்திரித்தார், வாசலில் பாண்ட் வாத்தியக்காரர் எழும்பி நின்றார்கள்.

"மூடப் போகினம் அக்கா. கொஞ்சிப்போட்டு வா."

ஜெசிதா குனிந்து அம்மாவின் நெற்றியில் வாயை வைத்தாள். நிமிர்ந்தபோது அந்த இடத்தில் மட்டும் பவுடர் அழிந்து, அம்மாவின் கறுத்த தோல் தெரிந்தது. சின்னம்மா அதை மறைக்கப் பவுடர்ப் பஞ்சை எடுத்தாள். ஜெசிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், மூடி இறங்கி முடியும்வரை விடவில்லை.