கயிறு பிடிக்கிறவன்

தூத்துக்குடி முத்துத்துறை பேஸ்பால் அணியில் பந்து எறிகிறவர் மூச்சை அடக்கினால், எறிந்த பந்து பாதி வழியில் அந்தரத்தில் நின்றுவிடும். அவர் மூச்சை விட்ட பிறகுதான் மேற்கொண்டு நகரும். எழுபது வருடத்துக்கும் மேலாக இப்படித்தான் நடந்துவருகிறது. சம்பளம் வாங்கி ஆடும் அணிகளில் இந்தக் கடற்கரையில் இதைவிடப் பழையது கிடையாது. கோதுமை இறக்க வந்த ஓர் அமெரிக்கக் கப்பல் இயந்திரம் பழுதாகி மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தது. அதன் மாலுமிகள் பொழுது போகாமல் திரேஸ்புரத்து ஆட்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, போகும்போது மட்டைகளையும் தோல் கையுறைகளையும் விட்டுப் போனார்கள். தோணி முதலாளிகள் கூடிப் பேசி அணியைக் கட்டினார்கள். முதல் எறியாளர் முத்துக்குளிப்பில் பேர்போன கஸ்பார் ரொட்ரிகோ. கடலடியில் சிப்பி அள்ளிய பழக்கத்தில் அவர் பந்தை எறிந்ததும் மூச்சைப் பிடித்தார்; பந்தும் நின்றது. கொழும்பு அணிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நடுவர் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பார்த்துவிட்டு, பந்து நிற்கக் கூடாது என்று எங்குமே சொல்லியிருக்கவில்லை என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பந்து நிற்கும்போது எதிரணி மட்டையாளர் ஓங்கிய மட்டையோடு காத்திருக்க வேண்டும். கை சோர்ந்து மட்டை தாழ்கிற நேரம் பார்த்து எறியாளர் மூச்சை விடுவார். பந்து சீறிக்கொண்டு மட்டையைத் தாண்டிவிடும். தோளுக்கும் மூச்சுக்கும் நடக்கிற போட்டி அது. ஆபத்து எறியாளருக்குத்தான். முத்துக்குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கினால், வள்ளத்தில் அவன் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும் என்பது கடற்கரை முறை. இன்னும் ஒரு கை சிப்பி என்ற ஆசையில் குளிக்கிறவன் அடியிலேயே கிடந்துவிடுவான். தன் தங்கை தாலி அறுக்கக் கூடாது என்று நினைக்கிறவன்தான் நேரத்தோடு இழுப்பான். அணியிலும் அதே முறைதான். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர் எறியாளரின் மனைவிக்கு அண்ணனோ தம்பியோ. அவர் கையுறையைத் தட்டினால், ஆட்டம் தோற்றாலும் சரி, எறியாளர் அந்தக் கணமே மூச்சை விட்டாக வேண்டும். ஒரே ஒரு வருடம் கஸ்பாரின் மைத்துனர் டைபாய்டில் படுத்துவிட, சென்னையிலிருந்து ஒரு கெட்டிக்காரரைக் கூலிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் கோப்பையை நினைத்துத் தட்டாமல் இருந்துவிட்டார். கஸ்பார் மூச்சை விடாமலே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சு திரும்பும்வரை பந்து மைதானத்துக்கு மேலேயே நின்றது. ஒரு காக்கை அதன்மேல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டாலும் கஸ்பாருக்கு இடது கை விளங்காமல் போயிற்று.

அவர் மகன் ஜேசுபாதம் ரொட்ரிகோ இருபது வருடம் எறிந்தார். மனைவி ஆக்னஸின் அண்ணன் பின்னால் குந்தியிருந்து அவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார். இப்போது அணியின் நிர்வாகம் முழுக்க ஜேசுபாதத்தின் கையில் இருக்கிறது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. நாற்காலியில் உட்கார்ந்தாலும் சாய்ந்து உட்காராதவர். மகன் வளன் எறியத் தொடங்கிய நாளிலிருந்து கடற்கரைக் குடும்பங்களில் ஆண்பிள்ளை உள்ள வீடாகப் பார்த்துப் பெண் தேடிக்கொண்டிருந்தார். வளனோ மில்லர்புரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் வேல்ராஜின் தங்கை சண்முகப்ரியாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, கடைக்குப் பின்னாலேயே வீடு பார்த்துக் குடியேறினான். ஜேசுபாதம் அந்தப் படி ஏறவில்லை. வேல்ராஜ் கடைத்தெருவில் அவரைக் கண்டு "மாமா" என்று கூப்பிட்டபோது, கூப்பிட்டது வேறு யாரையோ என்பதுபோல் நடந்தார். வளன் அணியில் மட்டும் தொடர்ந்தான். பந்து பிடிக்க, மூத்த மகள் விஜிலாவின் கணவன் கிளைட்டனை நிறுத்தினார் ஜேசுபாதம். கிளைட்டன் நல்ல ஆட்டக்காரன், துறைமுகமே மெச்சிய கை. சொந்தத்துக்குச் சொந்தம், திறமைக்குத் திறமை என்று அவர் கணக்குப் போட்டார்.

ஆக்னஸ் அம்மாள் அன்றைக்கே கேட்டுவிட்டாள். "கிளைட்டன் தங்கமான புள்ளதான். ஆனா வளனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வெள்ளச்சேலை கட்டப்போறது அவன் தங்கச்சியா?"

"பெயிண்டு கடக்காரன் குந்துன எடத்தப் பாத்து ரொட்ரிகோ வீட்டுப் புள்ள எறியணுமாக்கும்?" என்றார் ஜேசுபாதம்.

"வீட்டுப் பேரு மூச்சு விடாதுங்க. புள்ளதான் விடணும்."

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பனிமய மாதா கோயில் கொடி இறங்கிய மறு ஞாயிற்றுக்கிழமை, உப்புக் கிட்டங்கிகளுக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் கொச்சி அணியோடு கோப்பைக்கான ஆட்டம். கடைசிச் சுற்றில் தூத்துக்குடி ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது; கொச்சி ஆள் ஒருவன் பாதி ஓட்டத்தில் நின்றிருந்தான். கொச்சிக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு மட்டையாளன்; அவனை வீழ்த்தினால் கோப்பை. ஆனால் அவன் கப்பலில் மூட்டை தூக்கி வளர்ந்தவன். வளன் எறிந்தான், பந்து பாதி வழியில் நின்றது. மட்டையை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான். ஜனங்கள் மக்ரூன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கத்தினார்கள். "ஏலே கொச்சி, தோளு வலிக்கா? தைலம் தேச்சிவிடட்டுமாலே?" "மட்டைய எறக்கி வச்சிட்டு ஒரு டீயக் குடிடே!" அவன் அசையவில்லை. சிறிது சிறிதாகச் சத்தம் அடங்கியது. மைதானத்துக் கொடி படபடக்கிற ஓசை மட்டும் கேட்டது. வளனின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு உதடு நீலம் பாரித்தது.

ஜேசுபாதம் அதைப் பார்த்தார். 'விடுலே' என்று கத்த வாய் திறந்தது. அப்போது கொச்சிக்காரனின் மட்டை ஒரு விரற்கடை தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான் என்று அவர் மனம் சொன்னது. திறந்த வாய் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கிளைட்டனும் கையுறையை விரித்தபடி மட்டையையே பார்த்திருந்தான். வளனின் கால் மடங்கத் தொடங்கியது.

வேலிக்கு வெளியிலிருந்து ஓர் ஆள் எகிறிக் குதித்தான். வேல்ராஜ். ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு வேலியோடு நின்றுவிட்டது. அவன் வெறுங்கைகளை ஓங்கி அறைந்து தட்டினான். அந்தச் சத்தம் கிட்டங்கிச் சுவரில் மோதித் திரும்பியது. வளன் மூச்சை விட்டான். பந்து வலுவில்லாமல் தளர்ந்து வந்தது. கொச்சிக்காரன் அதைக் கிட்டங்கிக் கூரைக்கு அப்பால் அடித்தான்; பாதி ஓட்டத்தில் நின்றவனும் அவனும் ஓடி முடித்தார்கள். கோப்பை கொச்சிக்குப் போயிற்று.

ஜேசுபாதம் மைதானத்துக்குள் இறங்கி வந்தபோது, அடி விழப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிளைட்டன் எதிரே ஓடிவந்தான். "அவன் கை எறங்கிட்டு மாமா, இன்னும் ஒரு நிமிசம் பொறுத்திருந்தா…"

"நானும் அப்படித்தாம்ல நெனச்சேன். பெத்தவன் நானு" என்றார் ஜேசுபாதம். அவன் கையிலிருந்த கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

வளன் உப்புத்தரையில் படுத்திருந்தான். வேல்ராஜ் சோடாவை உடைத்து அவன் முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்துப் பதறி எழுந்தான். "மன்னிச்சுக்கிடுங்க மாமா. கப்பு போச்சு என்னால."

ஜேசுபாதம் கையுறையை நீட்டினார். "பிடிங்க மருமவனே."

"ஐயோ, எனக்குப் பந்து புடிக்கல்லாம் தெரியாது மாமா. பெயிண்டுதான் கலக்கத் தெரியும்."

"பந்து புடிக்க மத்த எட்டு பேரு இருக்கான். ஒமக்குத் தட்டத் தெரியுது." சொல்லிவிட்டு அவர் குனிந்தார். கஞ்சிச் சட்டை கசங்க மண்டியிட்டு, மகனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வளன் கண் திறந்து, "தோத்துட்டோமாப்பா?" என்று கேட்டான். "ஆமாய்யா" என்றார் அவர், முகத்தைத் துடைத்துவிட்டபடி. "நல்லா மூச்சு வாங்கு."

அன்று மாலை அவர் ஆக்னஸோடு மில்லர்புரம் வீட்டுக்குப் போனார். சண்முகப்ரியா காபி கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்றார். அடுத்த வாரம் போனபோது அளவாக இருந்தது.

மூன்று பருவங்கள் ஓடிவிட்டன. வேல்ராஜ் இரண்டு பந்துக்கு ஒரு பந்தைத் தவறவிடுகிறான். வளனின் முகம் லேசாகச் சிவந்தாலே தட்டிவிடுகிறான். கோப்பை இன்னும் கொச்சியில்தான் இருக்கிறது. தோணி முதலாளிகள் ஆள் மாற்றலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். ஜேசுபாதம் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் கயிற்றை யார் பிடிப்பது என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம் என்றார். பிறகு யாரும் கேட்கவில்லை. ஆட்ட நாளில் சண்முகப்ரியா கைக்குழந்தையோடு வந்து மாமனாருக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். கடற்காற்று அவள் தலையைக் கலைத்துவிடுகிறது. பந்து அந்தரத்தில் நின்றதும் குழந்தையை அவர் மடியில் விட்டுவிட்டு, கூந்தலை அவிழ்த்து உதறிக் கட்டத் தொடங்குகிறாள். ஒரு பின்னல் போடுகிற அளவுக்கு நேரம் கிடைப்பதில்லை. கொண்டை முடிவதற்குள் அண்ணன் தட்டிவிடுகிறான், பந்து நகர்கிறது.