பெயரில்லாத வாசகர் கடிதம்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். கீழ்த்தளத்தில் மூத்தவள், மாடியில் இளையவள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். இங்கே மூன்று வருடம் சத்தமில்லாமல் இருந்தன. கடைசியில் உரசல் வந்தது ஒரு விளையாட்டால் என்று சொன்னால் அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நடந்ததைத்தானே சொல்ல முடியும்.

மூத்தவள் ஒரு சித்திரக்கதைப் பத்திரிகையில் எழுத்து வரைபவள். ஓவியர் வரைந்து அனுப்பும் பக்கங்களில், பாத்திரங்களின் வாயை நோக்கி வால் நீட்டிய பலூன்களுக்குள் வசனத்தைக் கையால் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக எழுதுகிறாள். கொலைகாரன் மிரட்டுவதும் இளவரசி அழுவதும் நாய் குரைப்பதும் அவள் கையெழுத்துதான். பத்திரிகையின் முதல் பக்கத்தில் கதாசிரியர் பெயர் வரும், ஓவியர் பெயர் வரும், அச்சகத்தின் பெயர்கூட வரும். அவள் பெயர் மட்டும் வந்ததில்லை. கேட்டால் ஆசிரியர், இடம் எங்கேம்மா இருக்கு என்று கையை விரிப்பார்.

அந்தக் கடுப்பில்தான் அவள் விளையாட்டை உண்டாக்கினாள். சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் ஆட்டம் தொடங்கும். ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைச் சித்திரக்கதைப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். ஆட்டத்தை நடத்துபவரோ மற்ற எல்லோருமாக வேஷம் கட்ட வேண்டும். பக்கம் தராமல் ஒளிந்துகொள்ளும் ஓவியர், கோபக்கார அச்சகக்காரர், கதாநாயகியின் பெயரை நடுவில் மறந்துபோகும் கதாசிரியர், எல்லாம் அவர்தான். அவர் ஒவ்வொரு சங்கடமாக எடுத்துப் போடுவார். ஆடுபவர்கள் பேசியும் கெஞ்சியும் பகடை உருட்டியும் ஆறு மணிக்குள் இதழை அச்சுக்கு அனுப்ப வேண்டும். நடத்துபவர் எப்போதும் மூத்தவள்தான். வாரம் தவறாமல் பன்னிரண்டு பக்கம் குறிப்பு எழுதிவைத்துக்கொண்டு நடத்துவாள்.

ஆட வருபவர்கள் நான்கு பேர். அவள் கணவர், பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுபவர், ஆட்டத்தின் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடுவார். கொழுந்தன், எதையும் இடது கையால் எடுத்து எதையாவது கவிழ்ப்பவன். அவன் பெண்டாட்டி இளையவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நான்காவது ஆள் பத்திரிகை அலுவலகத்தின் பிழைதிருத்துநர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்குமுன் பேனாவைத் திறக்கும் மனிதர். எல்லோருக்கும் அவர் பிழைக்காரர்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய இதழைப் படித்த வாசகராகத் தன்னை நினைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுதி, பெயர் போடாமல் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். நடத்துபவர் உரக்கப் படிப்பார். எது யார் எழுதியது என்று ஊகிப்பதில் பாதி சந்தோஷம். படித்து முடித்தவற்றைப் பிழைக்காரர் ஒரு கோப்பில் அடுக்கிவைப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் ஆசிரியர் மூத்தவளைக் கூப்பிட்டார். பத்திரிகையின் ஆண்டு விழாவில் வாசகர்கள் முன்னால் இந்த விளையாட்டை மேடையேற்றலாம் என்றார். உங்கள் குழுவிலிருந்து நடத்த ஒருவரை அனுப்புங்கள், அவர் பெயரைப் பலகையில் போட்டு வாசலில் வைப்போம் என்றும் சொன்னார். ஒருவர் என்ன ஒருவர், அந்த ஒருவர் யாரென்று அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பலகையில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும். அந்த வாரமே தொண்டை கட்டி, பிறகு குரலே இல்லாமல் போனது. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று அவள் சீட்டில் எழுதிக் காட்டினாள். அதற்குள் கணவர், தூக்கம் போடும் அதே கணவர், இளையவளைப் பார்த்து இந்த ஒருமுறை நீ நடத்தேன் என்றுவிட்டார். இளையவள் தயங்கினாள். மூத்தவள் பெருந்தன்மையாகத் தன் பன்னிரண்டு பக்கக் குறிப்பை நீட்டினாள். திணறட்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்பது அந்தப் பெருந்தன்மைக்குள் இருந்த விஷயம்.

இளையவள் குறிப்பின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டாள்.

அவள் நடத்திய விதமே வேறு. ஓவியர் பக்கம் தரவில்லை என்று ஆரம்பித்தாள். ஏன் தரவில்லை என்று கொழுந்தன் கேட்டான். எனக்கென்ன தெரியும், நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றாள். பிழைக்காரர் போய்ப் பார்த்தார். கதாநாயகனின் மீசையை எந்தப் பக்கம் முறுக்குவது என்று ஓவியருக்கும் மனைவிக்கும் சண்டை என்று அவரே கற்பனை செய்து சொன்னார். பதினோரு வருடத்தில் அந்த மனிதர் ஒரு நகைச்சுவை சொல்லி மூத்தவள் கேட்டதில்லை. கணவர் ஓவியரின் மனைவியாக எழுந்து நின்று சண்டை போட்டார். இளையவள் கடைக்கு வரும் ஆட்களின் குரலையெல்லாம் வைத்து அச்சகக்காரரைப் பேசவைத்தாள். ஆறு மணி ஆனதே யாருக்கும் தெரியவில்லை. கணவர் தூங்கவே இல்லை.

மூத்தவள் மேசையின் கோடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு பற்றி எரிந்தது. இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு விதியும் அவள் உட்கார்ந்து யோசித்தது. இவளோ கல்யாணத்துக்கு முன் ஒரு சித்திரக்கதையைப் புரட்டியதுகூட இல்லை. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். என் ஆட்டம், என் மேசை, என் புருஷன் என்று எண்ணி எண்ணிப் பொருமினாள். அவர்கள் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவே அவளுக்குப் பட்டது. போதாக்குறைக்குப் பிழைக்காரர், விழாவுக்கு யாரை அனுப்புவது என்பதை இனி கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

கடிதம் எழுதும் நேரம் வந்தது. எப்போதும் படிக்கும் இடத்தில் இருந்தவள் இன்றுதான் முதல்முறையாக எழுதும் இடத்தில் இருந்தாள். அவள் கையெழுத்தை ஊரே அறியும். அதனால் காகிதத்தை மடியில் வைத்து, பேனாவை இடது கைக்கு மாற்றி, கோணல்மாணலாக எழுதி டப்பாவில் போட்டாள்.

இளையவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்று கடிதங்கள் ஒரே புகழ்ச்சி. நான்காவதைப் பிரித்தாள்.

கேளுங்கள்,
நன்றாகவே சிரித்தோம்.
ஆனால் இதழ் நடத்த வாய் மட்டும்
போதாது, அதற்கு உழைப்பும் தெரிய வேண்டும்.
நேற்று வந்தவர்கள் கூத்தடித்தது போதும்,
பழைய கை திரும்பட்டும்.
இல்லையென்றால்
வாங்கமாட்டேன்.

அவள் அதை எந்தக் குரலும் வைக்காமல் தன் குரலிலேயே படித்தாள். யாரும் ஊகிக்க முன்வரவில்லை. இளையவள் கோணல் எழுத்துகளை ஒருமுறை உற்றுப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து தன் கணவனைப் பார்த்தாள். இடது கைக்காரன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான், அவன் எழுத்தும் இப்படித்தான் கோணும்.

"இந்த வாசகர் சொல்றது நியாயம்தான். விழாவுல அக்காவே நடத்தட்டும். நான் இனிமே நடத்தல" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மூத்தவளுக்கு அன்று சாப்பாடு ருசித்தது என்று சொல்லத்தான் வேண்டும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பலகை மறுபடியும் அவள் கண்முன் வந்தது. கொழுந்தன்மேல் பழி விழுந்தது மறுநாள் காலையில்தான் அவளுக்கு உறைத்தது. அவன் கீழே வந்து, அண்ணி, இங்கேயே ஒரு வாய் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். மாடியில் பேச்சுவார்த்தை இல்லையாம். நான் எழுதவில்லை என்று சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லையாம். எல்லோரும் சிரித்தபோது கூடச் சிரித்துவிட்டு, முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாமல் முதுகில் குத்திவிட்டாய் என்றாளாம். மூத்தவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது அன்றைக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

மூன்று நாள் அவன் கீழேயே சாப்பிட்டான். மாடியிலிருந்து பாத்திரங்கள் மட்டும் பேசின. ஆறிவிடும், புருஷன் பெண்டாட்டி சண்டை எத்தனை நாள் என்று மூத்தவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறவில்லை. நான்காம் நாள் இளையவள் அம்மா வீட்டுக்குப் போக லீவு கேட்டிருப்பதாகச் செய்தி வந்தது.

அன்று அலுவலகத்தில் பிழைக்காரர் அவள் மேசைக்கு வந்தார். கையில் கோப்பு இருந்தது. அந்தக் கடிதத்தை உருவி அவள் முன்னால், எழுதி முடித்து ஈரம் காயாத ஒரு சித்திரக்கதைப் பக்கத்தின் பக்கத்தில் வைத்தார்.

"படிக்காதீங்க மேடம். கொஞ்சம் தள்ளி வெச்சு சும்மா பாருங்க" என்றார்.

பார்த்தாள். மேலே சின்ன வரி, நடுவில் அகன்ற வரி, கீழே மறுபடி சின்ன வரி. பதினோரு வருடம் பலூனுக்குள் எழுதிய கை. எழுத்தைக் கோணலாக்கத் தெரிந்தவளுக்கு வரியை உடைக்கும் பழக்கத்தை மறைக்கத் தெரியவில்லை. கைதான் இடது, கணக்கு எப்போதும்போல் வலதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக நினைத்திருந்தாள்.

"சுத்தி ஒரு கோடு போட்டா பலூன். வால் யார் பக்கம் போகணும்கிறதுதான் பாக்கி" என்றார் பிழைக்காரர். பிறகு, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை, திருத்தம் போடுவது மட்டும்தான் என் வேலை என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை அங்கேயே விட்டுப் போனார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் சத்தம் போட்டிருக்கலாம். குரல் அன்றைக்குத் திரும்பியிருந்தது. கிழித்துக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விழாவும் பலகையும் அவளுடையவை. கொழுந்தன் என்ன, இரண்டு வாரம் கீழே சாப்பிட்டால் இளைத்தா போவான்? எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, அண்ணி என்று நின்றவன் முகமும் கூடவே வந்தது. அவள் எழுதிய எந்தக் கதையிலும் ஒரு பலூனின் வாலைத் தப்பான ஆளின் வாயில் விட்டதில்லை. அப்படி ஒரு பிழை வந்தால் பக்கத்தையே திருப்பி அனுப்பச் சொல்லும் ஆள் அவள்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இளையவள் பெட்டி கட்டி வைத்துவிட்டு, வரமாட்டேன் என்று சொல்லியும் மூத்தவள் வற்புறுத்தியதால் வந்து, கணவனுக்கு எதிர்க்கோடியில் உட்கார்ந்தாள். மூத்தவள் ஆட்டத்தைத் தொடங்கவில்லை. போன இதழுக்கு வந்த ஒரு கடிதம் முழுசாகப் படிக்கப்படாமல் விட்டுப்போயிற்று என்று சொல்லி, பிஸ்கட் டப்பாவை இளையவள் பக்கம் தள்ளினாள்.

இளையவள் திறந்து பார்த்தாள். அதே காகிதம், அதே கோணல் எழுத்து. ஆனால் வரிகளைச் சுற்றி இப்போது கறுப்பு மையில் வழுவழுப்பான ஒரு பலூன் வரைந்திருந்தது. பலூனின் வால் கீழே இறங்கி ஒரு பெயரைத் தொட்டது. அந்தப் பெயர் மட்டும் வலது கை எழுத்து, பத்திரிகையில் வரும் அதே அழகான எழுத்து. பதினோரு வருடத்தில் மூத்தவள் ஒரு பலூனின் கீழே தன் பெயரை எழுதியது அதுதான் முதல்முறை.

இளையவள் கடிதத்தை மறுபடியும் படித்தாள், இந்தமுறை பெயரோடு. கொழுந்தன் தலை குனிந்துகொண்டான். அவன்தான் அங்கே தப்பு செய்யாத ஆள், அவனுக்குத்தான் அதிக வெட்கம்.

"எனக்குப் பொறாமை. வேற ஒண்ணும் இல்ல. நீ நல்லா நடத்தின, அதைத் தாங்க முடியல. தம்பி எழுதல" என்றாள் மூத்தவள். குரல் இன்னும் கரகரத்தது.

இளையவள் காகிதத்தை மடித்து டப்பாவில் போட்டாள். மன்னிப்பாள், கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் மூத்தவள் கொஞ்சம் எதிர்பார்த்தாள் என்பதை மறைக்க வேண்டாம்.

"விழாவுல நானே நடத்துறேன்க்கா" என்றாள் இளையவள். டப்பாவை மூடிவிட்டு, "பெட்டிய எடுத்து உள்ள வெச்சிடுங்க" என்று கணவனிடம் சொன்னாள். ஒரு வாரத்தில் அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

திங்கட்கிழமை ஆசிரியர், வாசலில் வைக்கும் பலகையை எழுத மூத்தவளிடமே கொடுத்தார். எழுத அலுவலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? விளையாட்டை நடத்துபவர் என்று எழுதி, கீழே ஓரகத்தியின் பெயரை எழுத வேண்டும். அவள் அளவு குறித்தாள், பென்சிலால் கோடு போட்டாள், தூரிகையை மையில் தோய்த்தாள். வயிறு அன்றைக்கு எரிந்ததுபோலவே இன்றும் எரிந்தது, ஒரு துளி குறையவில்லை. முதல் எழுத்தைக் கொஞ்சம் சிறியதாகப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. கடைசி எழுத்தைக் கொஞ்சம் சரியவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது.

எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். அவள் இதுவரை எழுதியதிலேயே அழகான பெயர் அது. கோணலாக்க மனசுக்கு ஆசைதான், வலது கைதான் கேட்கவில்லை.