சொல்லாமல் விட்ட சேதி

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஒன்பது வருஷம் நான்தான் அந்த மத்தளம். என் வீட்டுக்காரரும் என் மகனும் ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டியதையெல்லாம் என் தலையில் கட்டினார்கள்.

"அம்மா, பாத்ரூம்ல பல்பு போயிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லு."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு."

இரண்டு பேர் காதிலும் இரண்டும் விழும். ஆனாலும் நான் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். நான் சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம். தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு, எனக்கு அதுவும் கிடையாது.

எல்லாம் ஒரு கண்ணாடியால் வந்த வினை. வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் மேஸ்திரி. மகனும் அவர் கீழேதான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு துணிக்கடைக்கு ஆளுயரக் கண்ணாடி கேட்டிருந்தார்கள். கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் ஃபிரேமுக்குள் போகவில்லை, இரண்டு விரல்கடை அதிகம். துணிக்கடை முதலாளி, கூட வந்த வேலையாட்கள், துணி வாங்க வந்த பெண்கள், அத்தனை பேரும் பார்க்க, தப்பாக வெட்டிவிட்டான் என்று இவர் இருபத்தாறு வயசுப் பிள்ளையைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தான். அதற்குப் பிறகு வேன் ஓட்டப் போய்விட்டான். வீட்டைவிட்டு மட்டும் போகவில்லை. கேட்டால், "உனக்காகத்தாம்மா இருக்கேன்" என்பான். எனக்காகவாம்! ரொம்பத்தான் கரிசனம்.

ஐந்தாவது வருஷம் ஒரு காலையில், மகன் வேலைக்குக் கிளம்பிப் போனபிறகு, வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கண்ணாடிக்கு அளவு எழுதிக் குடுத்தது நான்தான். உள் அளவு எழுதறதுக்குப் பதிலா வெளி அளவு எழுதிட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே சீட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அவன்கிட்ட சொல்லு. மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லு."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து எனக்காக அந்த வார்த்தை ஒரு தடவை வந்ததுண்டா? என் அம்மா போய்விட்டாள் என்று சேதி வந்த அன்று, கடையில் அவசர வேலை என்று என்னை ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தாரே. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பெற்றவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லையே. அதற்கு யார் மன்னிப்புக் கேட்பது? இருக்கட்டும், ஒரு நாள் இவரும் தவிக்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக ஒரே ஒரு நாள்தான்.

ஒரு நாள் ஒரு வாரமாயிற்று. அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? "எப்ப சொன்னாரு?" என்று மகன் கேட்டால் என்ன பதில் சொல்வேன்? அதற்குள் இவரே ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல்பு, தண்ணி என்றுகூட அவர் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நாலு வருஷம். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இந்த வருஷம் அவருக்கு நுரையீரல் போய்விட்டது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் அறையில் கட்டில், பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் இடம். கீழே டயர் கடை, அந்த ரப்பர் நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தார்.

"அவன வரச் சொல்லு. நேர்ல பேசணும்."

நான் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

"வண்டியில இருப்பான். வந்ததும் சொல்றேன்" என்றேன்.

வந்தான், சாப்பிட்டான், போனான். நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ, அது கழிந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். கட்டின புருஷன் எப்போது போவார் என்று நாள் பார்த்தேன். என்னைவிடப் பாவி ஒருத்தி இருக்கிறாளா?

மூன்றாம் நாள் மத்தியானம் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுவரில் டொக் டொக் என்று சத்தம். அவர் விரலை மடக்கித் தட்டிக்கொண்டிருந்தார். மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அவர் அறை வாசலில் நின்றான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அவருக்கு என்ன வேணுமாம்?" என்று என்னைக் கேட்டான்.

"உள்ள வாடா" என்றார் அவர்.

மூன்று பேர் அந்த அறைக்குள் நிற்க வேண்டுமானால் கதவைச் சாத்தியாக வேண்டும். சாத்தினான். கதவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

"நாலு வருஷம் முன்னாடியே உங்க அம்மாகிட்ட சொல்லி அனுப்பினேன். நீ பதில் சொல்லல. பரவாயில்ல, உன் கோபம் நியாயம். இப்ப நானே கேக்கறேன். அளவு தப்பா எழுதினது நான்தான். என்னை மன்னிச்சிடுப்பா."

"என்னது? எதைச் சொல்லி அனுப்பினீங்க?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எவ்வளவு நாள் மறைப்பது?

"நான்தான் சொல்லல" என்றேன். "அவன்கிட்ட கேட்டீங்களே, என்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா? எங்கம்மா முகத்தைக்கூடப் பாக்க விடலையே நீங்க!"

"நாலு வருஷம்மா!" மகன் குரல் உடைந்தது. "ராத்திரியெல்லாம் இவரு இருமுறதக் கேட்டுக்கிட்டே சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தேன். எழுந்து போலாமா வேண்டாமான்னு தவிச்சேன். உனக்கு மனசே இல்லையா?"

ஸ்டூலில் உட்கார்ந்து அப்பா கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவர் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என் பிள்ளையும் புருஷனும் ஒன்றாகிவிட்டார்கள், நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். பெற்ற வயிறு குளிர்ந்ததா எரிந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க அம்மாகிட்ட சொல்லு. அவங்கம்மா விஷயத்துல நான் பண்ணது பெரிய தப்பு. என்னை மன்னிச்சுக்கச் சொல்லு."

இரண்டு முழ தூரத்தில் நிற்கிறேன்! அப்போதும் அந்த மனிதருக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்றேன்ப்பா" என்றான்.

மூன்று நாளில் அவர் போய்விட்டார். அந்த மூன்று நாளும் அப்பாவும் பிள்ளையும் ஓயாமல் பேசினார்கள்.

இப்போது ஐந்து மாதமாகிறது. மகன் என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறான். மாத்திரை வாங்கித் தருகிறான், கால் வலிக்கிறதா என்று கேட்கிறான். அதை மட்டும் சொல்லவில்லை. நேற்று அவன் சாப்பிடும்போது மானத்தை விட்டு நானே கேட்டேன்.

"அப்பா என்கிட்ட ஏதோ சொல்லச் சொன்னாரேப்பா."

"சொல்றேன்."

"எப்ப?"

கை கழுவ எழுந்தான். குழாயைத் திறந்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"இன்னும் நாலு வருஷம் ஆகலையேம்மா."