அழித்த பதினொரு இடங்கள்

ஜான்ரோஸ் மாமா அந்த ஜி.பி.எஸ். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "எல்லாத்தையும் அழிச்சாச்சு மக்கா. வெறும் பெட்டிதான். ஒடைச்சுப் பாரு, என்ன வேணும்னாலும் செய்யி."

கருங்கலில் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மாமா கடற்கரைக்காரர், அம்மாவின் தம்பி. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டைப் பார் என்போம். தான் கண்டுபிடித்த பார் எங்கே என்று ஒருவன் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டான். மாமா மட்டும் தன் தம்பி ஆபேலுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். மற்றபடி அந்த இடங்கள் பெட்டிக்குள்தான் இருந்தன. திரை மங்கியதும் புதிதாக ஒன்று வாங்கி, இடங்களை அதில் ஏற்றிக்கொண்டு, பழையதை அழித்து என்னிடம் தந்தார்.

2012 அது. பெட்டியைச் செய்த கம்பெனி அந்த வகையையே கைவிட்டிருந்தது. கையேடு கிடையாது. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. எனக்குக் கை அரித்தது. பழைய கருவிகளைக் கணினிக்குள் அப்படியே நடித்துக் காட்டும் எமுலேட்டர் ஒன்று உண்டு. உலகம் முழுக்க ஆட்கள் சம்பளம் வாங்காமல் எழுதுவது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் இந்தப் பெட்டியையும் சேர்த்துவிட வேண்டும் என்று கிறுக்குப் பிடித்தது. ஒரு பொத்தானை அமுக்குவேன், எந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பேன், ஊகித்து எழுதுவேன், தப்பாகும், மறுபடியும் அமுக்குவேன். நாலு மாதம் இதே பிழைப்பு.

ஒருநாள் மத்தியானம் கணினித் திரையில் பெட்டி உயிர்பெற்றது. கூடவே பதினொரு இடங்கள். அந்தோணியார், சவேரியார், செபஸ்தியார் என்று மாமா வைத்த பெயர்களோடு. அவர் அழித்தவை. பெட்டி எதையும் அழிப்பதில்லை. ஒவ்வோர் இடத்தின் பக்கத்திலும் 'இல்லை' என்று ஒரு குறி போட்டு மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்தக் குறியைக் கவனிக்காமல் நான் எழுதியதால் எல்லாம் வெளியே வந்துவிட்டன. குறியின் அர்த்தம் பிடிபட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் சொல்லித் தராத ஒன்றை நானாகக் கண்டுபிடித்துவிட்டேனே.

திருத்தி எழுதி எமுலேட்டர்காரர்களுக்கு அனுப்பினேன். சரிபார்க்க ஒரு மாதிரிக் கோப்பும் வேண்டும் என்றார்கள். பொய்யான இடங்களைப் போட்டு ஒன்று தயாரிக்க அரை மணி நேரம் ஆகும். நான் மாமாவின் பெட்டியில் இருந்ததை அப்படியே ஏற்றினேன். சோம்பேறித்தனம், வேறென்ன. இதை எந்த மீன்பிடிக்காரன் பார்க்கப்போகிறான் என்று ஒரு தெனாவெட்டு வேறு.

மறு வருஷம் வேறொரு துறைமுகத்து விசைப்படகுகள் நேராக வந்து மாமாவின் பார்களில் நின்றன. தேடி வந்தவை அல்ல, தெரிந்து வந்தவை. கல்லோடு மண்ணாக வழித்துக்கொண்டு போயின. ஆபேல் மாமாவைத் தவிர வேறு யார்மேல் சந்தேகம் வரும்? கோயிலில் மாதா சுரூபத்தின் முன்னால் சத்தியம் செய்யச் சொன்னார் ஜான்ரோஸ் மாமா. ஆபேல் மாமா தன் பிள்ளைகளைக் கூட்டிவந்து, அவர்கள் தலையில் கைவைத்துச் செய்தார். "பொய்ச்சத்தியமும் செய்வியாலே நீ?" என்று மாமா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அடுத்த மாதம் ஆபேல் மாமா பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தத் துறைமுகத்தில் என்னைப் போலக் கடை வைத்திருப்பவன். உங்கள் புண்ணியத்தில் செத்த பெட்டிகளிலிருந்து இடங்களை மீட்டுக் கொடுக்கிறேன், மாதிரிக் கோப்பில் மறைந்திருந்த இடங்களையும் எங்கள் படகுக்காரர்களுக்குக் கொடுத்தேன், நல்ல மீன், மிக்க நன்றி என்று எழுதியிருந்தான்.

கோப்பை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். பழைய பிரதி எத்தனை பேரிடம் இருக்கிறதோ. அதுகூடப் போகட்டும். மாமாவிடம் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் அவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன், அவர் தம்பியைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சொன்ன அன்று மாமா கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார்.

"நா அழிச்சுல்லா தந்தேன்," என்றார்.

"அழிச்சது அழியல மாமா. மறைஞ்சு கெடந்து."

"ஒனக்கு அது எப்பம் தெரியும்?"

"ஏத்துறதுக்கு முன்னாலயே தெரியும்."

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். வலையைக் கீழே வைத்துவிட்டு, "நா விளிச்சா அவன் எடுக்க மாட்டான். நீ விளிச்சுச் சொல்லு," என்றார்.

அங்கேயே நின்று, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன். ஆபேல் மாமா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பெனிட்டோவா? சொல்லு மக்கா. அண்ணன் என்னைய விசாரிச்சாவளா?"