பதினோராவது சாவிப்பிடி

குறை சொல்வதற்கென்று அரசாங்கத்தில் ஒரு வேலை இருந்திருந்தால் என் அத்தை இந்நேரம் அதில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பாள். அப்பாவின் அக்கா. மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறாள். மழை பெய்தால் ஈரம், பெய்யாவிட்டால் புழுக்கம். நான் படித்தால் விளக்கு கண்ணைக் குத்துகிறது, படிக்காவிட்டால் பெண் உருப்படாது. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் நடையைக்கூட விடமாட்டாள்.

இப்படிப்பட்டவளிடம் நானாகப் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு விண்ணப்பம். தொழில்துறை வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு முழு உதவித்தொகை, வருடத்துக்கு ஆறு பேருக்கு மட்டும். கிடைத்தால், நாற்காலியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை மனிதர் கை படுகிற சாமான்களை எப்படி ஒழுங்காகச் செய்வதென்று நாலு வருடம் படிக்கலாம். கிடைக்காவிட்டால், மாமா சொல்லிவைத்திருக்கிற கல்லூரியில் கணக்குப் பதிவியல். எனக்கு ஏழாம் வாய்ப்பாடே இன்றுவரை தகராறு.

விண்ணப்பத்தோடு ஒரு பொருளும் தர வேண்டும். வீட்டில் யாராவது ஒருவருக்காக அதைச் செய்து, ஒரு மாதம் அவரைப் பயன்படுத்த வைத்து, அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். அவருக்குப் பயனாளர் என்று பெயர்.

முதலில் அம்மாவைத்தான் பயனாளர் ஆக்கினேன். கரண்டி மாட்டுகிற பலகை ஒன்று செய்து அடுப்படியில் அடித்தேன். ஐந்தாவது நிமிடம் அது கரண்டிகளோடு அவள் காலில் விழுந்தது. “ரொம்ப நல்லா இருக்குடா கண்ணு,” என்றாள், காலைத் தேய்த்துக்கொண்டே. இதை எழுதிக் கொடுத்தால் எவன் எனக்கு உதவித்தொகை தருவான்? பாசத்துக்காகக்கூடப் பொய் சொல்லாத ஒரு ஜீவன் வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

“அத்தை, இந்த வீட்ல உங்களுக்கு எதெல்லாம் கஷ்டமா இருக்கு?”

“உக்காரு. நேரமாகும்,” என்றாள்.

நாற்பத்தேழு குறைகள். அதில் நாற்பத்தோராவதாக, போகிற போக்கில், சாவியைச் சொன்னாள். வாதத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, அவளுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேராது. எங்கள் கதவோ உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும். அந்தத் தகட்டுச் சாவியைப் பிடித்துத் திருப்ப அவளால் முடியாது.

உடைந்த கட்டில் காலை அறுத்து அந்தச் சாவிக்கு ஒரு பிடி செய்தேன். உள்ளங்கையால் அழுத்தி மணிக்கட்டைத் திருப்பினால் போதும், விரலுக்கு வேலை இல்லை.

“இது சாவியா, சுத்தியலா?” என்றாள் முதல் பிடிக்கு. மூன்றாவதின் ஓரம் கையை அறுத்ததாம். “வேர்த்தா வழுக்குது. நீ படிக்கறதும் இப்படித்தான் வழுக்கிட்டுப் போகுதா?” இது ஆறாவதுக்கு. எட்டாவதைக் கையில் வாங்காமலே வேறு செய்யச் சொன்னாள். பத்தாவதில் சாவி ஆடியது என்பதால், பதினோராவதில் சாவியைப் பசை போட்டுப் பிடியோடு ஒட்டியே விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். பதினோராவதைக் கதவில் போட்டு இரண்டு முறை பூட்டித் திறந்தாள். “கலர் சகிக்கல,” என்றாள். அத்தையின் வாயில் அது பாராட்டு. அதன் பிறகு ஒரு மாதம், யார் வந்தாலும் அவள்தான் கதவைத் திறந்தாள்.

சமர்ப்பிக்கக் கடைசி நாள். மாலை நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்குக் குளித்துவிட்டு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. எங்கள் வீட்டில் அது நல்ல அறிகுறி இல்லை. ஜன்னலோரம் அத்தையைக் காணோம். கதவை இழுத்தேன், பூட்டியிருந்தது. என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, என் பொருளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கைப்பேசியில் கூப்பிட்டால் அடுப்படியில் மணி அடித்தது. வீட்டுக்கு மொத்தமே மூன்று சாவி. அப்பாவின் சாவி அப்பாவோடு வெளியூரில், அம்மாவின் சாவி அம்மாவோடு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். அவள் கைப்பேசியை வேலை முடிகிறவரை எடுக்க விடமாட்டார்கள். நாலு மணி நேரம் கூண்டுப் புலி மாதிரி நடந்தேன். எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் பன்னிரண்டரைக்கே தீர்ந்துவிட்டது.

மூன்று பத்துக்குப் பூட்டு திறந்தது. அத்தை காலில் புதுச் செருப்பு.

“எங்க போனீங்க?”

“செருப்புக் கடைக்கு. அவனோட ஒரு மணி நேரம் சண்ட போட்டேன். நல்லா இருந்துச்சு.”

“இன்னைக்குத்தான் கடைசி நாள்னு காலைலகூடச் சொன்னேனே.”

“அதனாலதான்டி போனேன். நாளைக்கு இது இருக்காதுல்ல?”

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை, கடிகாரம்தான் ஏறியது. சாவியைக் கேட்டேன், தரவில்லை. வாதாட நேரமில்லாமல், சாவியோடு சேர்த்து அத்தையையும் ஒரு வாடகை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, விண்ணப்பம் வாங்குகிற அலுவலகத்துக்குப் போனேன்.

கவுன்ட்டர்க்காரர் என் தாள்களை எண்ணிவிட்டு ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்தார். “பொருள இதுல போடுங்க. சீல் வெச்சிருவோம். திருப்பித் தர மாட்டோம். மூணு அம்பத்தஞ்சு ஆச்சு, சீக்கிரம்.”

நான் கையை நீட்டினேன். அத்தை சாவியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“அத்தை, வேற செஞ்சு தரேன். ஒரே வாரம்.”

“மத்த பத்தையும் நான் பாத்திருக்கேன்.”

“இது இல்லேன்னா நான் கணக்குப் படிக்கத்தான் போகணும்.”

“இது இல்லேன்னா எனக்கு ஜன்னல்தான்,” என்றாள் அத்தை.

குரலில் சண்டையே இல்லை. மூன்று வருடமாக இவள் ஆசைப்பட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். நான் நாலு மணி நேரத்துக்கே கதவை உதைத்தவள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவள் கையிலிருந்து பிடுங்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

“பொருள் இல்ல சார்,” என்றேன்.

“இதோ இருக்கே.”

“இது அவங்களோடது.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைசித் தாளைத் திருப்பி ஒரு கட்டத்தைக் காட்டினார். பொருள் இணைக்கப்படாவிட்டால் காரணம். எழுதினேன்: பயனாளர் திருப்பித் தர மறுக்கிறார். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து மாமாவின் கல்லூரிப் படிவத்தைப் பூர்த்தி செய்தேன். அத்தை அதில் எந்தக் குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருபது நாள் கழித்துக் கடிதம் வந்தது. தபால்காரருக்குக் கதவைத் திறந்தவள் அத்தைதான். நான் உரக்கப் படித்தேன். நேர்காணல் அடுத்த புதன்கிழமை. தர மறுத்தவரும், மறுத்த பொருளோடு, உடன் வர வேண்டும்.

அத்தை சாவியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“வரேன்,” என்றாள். “ஆனா குடுக்கமாட்டேன்.”